இரண்டு பேர் கேட்கிறார்கள், நாய் இன்னும் சோபாவுக்கு அடியில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மீட்புக் குழு ஒன்று, ஏறத்தாழ இரண்டு வயதுள்ள ஒரு பெண் நாயை உங்களிடம் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறது. வந்து ஐந்து நாட்களாகியும் அது பகல் முழுக்க சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. வீட்டில் உங்கள் சொந்த நாய் ஒன்றும் இருக்கிறது. புதியவளின் படத்தைப் பார்த்து இரண்டு பேர் தத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, தோட்டமும் இரண்டு சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம். மற்றவர், அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கும், பணி ஓய்வுபெற்ற பெரியவர். யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுக்கும் நாள் வந்தால் மனம் தாங்குமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இருவரையும் காத்திருக்கச் சொல்லுங்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்பதால் அல்ல. அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பொருத்தம் பார்ப்பது?

புது இடத்துக்கு வந்த நாய் முதல் சில நாட்கள் அடங்கியே கிடக்கும். அதைப் பார்த்து "எவ்வளவு சாது" என்று பூரித்துப்போகிறோம். தத்துக்கான விளம்பரத்திலும் அப்படியே எழுதிவிடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அதே நாய் வாசல் மணிக்குக் குரைக்கும், செருப்பைக் கடித்துக் குதறும், உங்கள் தட்டை நோக்கி மூக்கை நீட்டும். பதற வேண்டாம், கெட்டுப்போகவில்லை. பயம் தெளிந்து இயல்புக்கு வருகிறது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். திகைப்பு அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் இடம் என்று நம்ப மூன்று மாதம். குத்துமதிப்பான கணக்குதான்; சில நாய்கள் ஒரே வாரத்தில் வீட்டை ஆளும், சிலவற்றுக்கு ஓராண்டும் போதாது. ஆனால் ஐந்தாம் நாளில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சோபாவுக்கு அடியிலிருந்து அவளை இழுக்காதீர்கள். கையை உள்ளே நீட்டிக் கூப்பிடவும் வேண்டாம். அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அந்த இடம்தான். அங்கேயும் கை வந்தால் அடுத்தது பல்தான். தண்ணீரையும் உணவையும் அருகில் வைத்துவிட்டு, நீங்கள் அதே அறையில் தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். அவளைப் பார்க்கவே வேண்டாம். முதலில் மூக்கு வெளியே வரும், பிறகு ஒரு முன்னங்கால். நீங்கள் அசைந்தால் இரண்டும் உள்ளே போய்விடும். இந்த வேலைக்குத் திறமை தேவையில்லை, சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் அழைத்து "புது நாயைப் பாருங்கள்" என்று காட்டுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.

உடல்நலம் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். மீட்புக் குழு தடுப்பூசி போட்டுவிட்டது என்றால் எந்தத் தேதியில், எந்த ஊசி என்று கேட்டு வாங்கி வையுங்கள். பார்வோ என்ற, குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் தொற்றிய நாய்க்கு அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும், பதினான்கு நாள் வரையும் போகலாம். டிஸ்டெம்பர் என்ற மற்றொரு கொடிய வைரஸ் நோய் இன்னும் தாமதித்தும் காட்டும். அதனால் இரண்டு வாரமாவது உங்கள் நாயையும் இவளையும் தனித்தனி அறைகளில், தனித்தனிப் பாத்திரங்களோடு வையுங்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், சாதாரணத் தரைக் கழுவிகளில் பல அதைக் கொல்வதில்லை. முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து, சுத்தமாகக் கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால் கொல்லும்.

கைவிடப்பட்ட பெண் நாய் என்பதால் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். அவள் கருவுற்றிருக்கலாம். நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாள்தான். நாலாவது வாரத்திலிருந்து ஸ்கேனில் தெரியும். இரண்டாவது, பிறப்புறுப்பில் இரத்தம் சொட்டினால் பருவம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இணை சேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி இருக்கிறது, அதற்கும் இதேதான் அறிகுறி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசிக்குப் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும். எலும்பும் தோலுமாக வந்தவள் என்றால் வயிறு முட்ட ஒரேயடியாகப் போடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீர் உணவு இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு சிறு அளவாக, நாளுக்குப் பல முறை. வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ ஐபுப்ரொஃபெனோ கொடுத்துவிட வேண்டாம். இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம்.

உங்கள் கையில் கடி பட்டால், அது பயத்தில் பட்ட சிறு கீறலாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். "நம்ம நாய்தானே" என்ற பேச்சு இங்கே செல்லாது. ரேபிஸ் அறிகுறி காட்டத் தொடங்கிய பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தொடர்ந்து மீட்பு நாய்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, வாசல் கதவு. புதிதாக வந்த நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் கதவிடுக்கில் நழுவித்தான். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்று வந்துவிடும். கழுத்துப்பட்டைக்கு ஒரு வார், உடலில் மாட்டும் ஹார்னஸுக்கு ஒரு வார் என்று இரட்டைப் பிடியாக வெளியே கொண்டுபோங்கள். உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இன்றைக்கே கழுத்தில் ஏறட்டும், "தற்காலிகம்தானே" என்று ஒத்திப்போட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இடைக்காலப் பராமரிப்பாளர் செய்யும் வேலைகளிலேயே வேறு யாராலும் செய்ய முடியாதது, கவனித்து எழுதி வைப்பது. காப்பகத்தில் கூண்டுக்குள் இருக்கும் நாயின் குணத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. நாற்புறமும் குரைப்பு, வந்து போகும் அந்நியர்கள். 2019இல் அமெரிக்கக் காப்பகங்கள் ஐந்தில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. காப்பக நாய்களை ஓரிரு இரவுகள் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்திருந்தார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு அந்த இரவுகளில் குறைந்தது, திரும்பக் கொண்டுபோய் விட்டதும் பழைய அளவுக்கே ஏறியது. வீடு என்ற இடமே நாயின் உடலை மாற்றுகிறது என்றால், அதன் நடத்தையை வீட்டில் இருந்து பார்த்தவர் சொல்வதுதான் செல்லும். அந்த ஆள் நீங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அதில் பெயரடைகள் வேண்டாம்: "அன்பானவள்", "துறுதுறுப்பானவள்" என்பதெல்லாம் யாருக்கும் எதையும் சொல்லாது. நடந்ததை எழுதுங்கள். "மாலை, தொப்பி போட்ட ஆள் தபால் கொண்டுவந்தார். குரைக்கவில்லை. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள்." இப்படி. மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் ஒரு வடிவம் தானாகத் தெரியும். ஆண்கள் எல்லோரிடமும் பயமா, தொப்பியிடம் மட்டுமா என்பது அப்போது புரியும்.

உணவுப் பாத்திரத்தருகே நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். அவள் சாப்பிடும்போது சற்றுத் தள்ளிக் கடந்து போங்கள். வாலும் உடலும் தளர்வாக இருந்து சாப்பாடு தொடர்ந்தால் நல்லது. உடல் சட்டென்று விறைத்து, தலை பாத்திரத்துக்குள் இன்னும் தாழ்ந்து, வேகம் கூடி, தலையைத் திருப்பாமலே கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டி வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தால், அவள் தன் சோற்றைக் காவல் காக்கிறாள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். பாத்திரத்தைப் பிடுங்கி "பழக்கும்" முறை இருக்கிறதே, அது காவலைக் கடியாக மாற்றும் முறை. கடந்து போகும்போது தூரத்திலிருந்தே சுவையான துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள். மனிதர் வந்தால் குறையாது, கூடும் என்று மெல்லப் புரியும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி வரும்.

தனிமையைச் சோதிப்பது எளிது. பழைய கைபேசியைப் பதிவுக்கு வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், பிறகு இருபது நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். சிறிது முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறாளா, அல்லது எச்சில் வழியக் கதவைப் பிறாண்டுகிறாளா? பகல் முழுதும் வேலைக்குப் போகிறவர் அவளை எடுக்க முடியுமா என்பதற்கு இந்தப் பதிவைவிட நம்பகமான சாட்சி கிடையாது. படிக்கட்டு, கார்ப் பயணம், இடிச் சத்தம், குளியல், பூனை, இரவுத் தூக்கம் இவற்றையும் இயல்பாக நேரும்போது குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையை மட்டும் அழைத்து வந்து சோதிக்க வேண்டாம். வார் பிடித்தபடி, தெருவில் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து நல்ல தூரத்தில் நின்று அவள் உடலைப் பாருங்கள். உதட்டை நக்குவதும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் "எனக்கு இது வேண்டாம்" என்பதன் மரியாதையான வடிவங்கள்.

உங்கள் நாயோடு அறிமுகம் இரண்டு வாரத் தனிமை முடிந்த பிறகு, வீட்டுக்கு வெளியே. ஆளுக்கொரு நாயாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க வைப்பது மனிதர்களின் மரியாதை. நாய்களுக்கு அது சண்டைக்கான அழைப்பு. நடக்க நடக்க இடைவெளி தானாகக் குறையும். வீட்டுக்குள் விட்ட பிறகும் உணவை ஒன்றாக வைக்காதீர்கள்.

விளம்பரம் எழுதும்போது இனத்தைப் பற்றி ஊகிக்க வேண்டாம் என்பேன். காதைப் பார்த்து ஓர் இனம், நிறத்தைப் பார்த்து ஓர் இனம் என்று கலப்பு நாய்க்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது. 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 18,000க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான். இனப்பெயரைப் பார்த்து வருகிறவர் அந்த இனத்தின் கற்பனையை வாங்கிப்போக வருகிறார். உங்கள் நோட்டில் இருப்பதைப் பார்த்து வருகிறவர் இவளுக்காக வருகிறார்.

"மனமுள்ள ஒரு குடும்பம் தேவை. இந்தக் கண்களைப் பார்த்து யாரால் மறுக்க முடியும்?" என்ற வகை வாசகம் நூறு அழைப்புகளைக் கொண்டுவரும். அவற்றில் தொண்ணூற்றொன்பதும் இரக்கத்தில் வந்தவையாக இருக்கும். இரக்கம் முதல் வாரத்துக்குத்தான் போதும். "இரண்டு வயது, கருத்தடை ஆயிற்று. காலை நடை பிடிக்கும், குளியல் பிடிக்காது. மூன்று மணி நேரம் வரை தனியாக அமைதியாக இருப்பாள். சாப்பிடும்போது யாரும் அருகில் வருவதை விரும்புவதில்லை. பழக ஒரு வாரம் எடுப்பாள், பழகிவிட்டால் அறைக்கு அறை பின்னாலேயே வருவாள்" என்று எழுதினால் அழைப்புகள் குறையும். குறையட்டும், நமக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு. குறையை மறைத்து ஒரு நாயைக் கொடுத்தால், அந்தக் குறை இரண்டே வாரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாய் திரும்பி வரும், இந்த முறை "திருப்பி அனுப்பப்பட்ட நாய்" என்ற பெயரோடு.

தத்துக் கேட்பவர்களிடம் "நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்? "நேற்றைய நாள் உங்கள் வீட்டில் எப்படிப் போயிற்று, காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எப்போது வீடு காலியாகிறது, யார் எப்போது திரும்புகிறார்கள், மாலையில் யாருக்குத் தெம்பு மிச்சம் இருக்கிறது என்பது எல்லாம் அந்தப் பேச்சிலேயே வெளிவரும். முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கதை எப்படி முடிந்தது என்பதைவிட, எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் சம்மதமா என்று அவரவர் வாயாலேயே கேட்க வேண்டும். ஒருவர் "அவங்க ஆசைப்படறாங்க, எனக்கென்ன" என்று இழுத்தால், நாளை அதிகாலை நடைக்கு யார் எழுந்திருப்பது என்ற சண்டை அங்கே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கக் கேட்பவர்களுக்கு நான் இதுவரை ஒரு நாயையும் கொடுத்ததில்லை.

இப்போது உங்களிடம் தத்துக் கேட்ட இருவரைப் பார்ப்போம். தோட்டம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் தோட்டம் நடைக்கு மாற்றாகாது. தனியாகத் தோட்டத்தில் விடப்பட்ட நாய் பெரும்பாலும் வேலியோரம் நின்று போவோர் வருவோரைக் குரைக்கப் பழகுகிறது, அவ்வளவுதான். குழந்தைகள் இருப்பது தன்னளவில் தடையும் அல்ல. ஆனால் உணவைக் காவல் காக்கும் நாயாக அவள் தெரியவந்தால், கையில் தின்பண்டத்தோடு தரையில் தவழும் குழந்தை உள்ள வீடு அவளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அந்தக் குடும்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. நல்லவர்களுக்கு மறுப்புச் சொல்வதுதான் இந்த வேலையில் மிகச் சங்கடமான பகுதி. என்னிடம் முன்பு இருந்த ஒரு கறுப்பு நாய்க்கு, வரும்போதே மெத்தை வாங்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை நான் மறுத்தேன். குழந்தை ஓடும் காலடிச் சத்தம் கேட்டாலே அவன் உடல் கல்லாகும். காரணத்தை நோட்டில் இருந்து படித்துக் காட்டியபோது அந்தத் தாய் கோபப்படவில்லை. பிறகு அவர்களே குழந்தைகளோடு வளர்ந்த வேறொரு நாயை எடுத்துப் போனார்கள்.

பெரியவர் விஷயத்தில், வயதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நாள் முழுதும் வீட்டில் இருப்பவர், ஒழுங்கான நேரத்தில் நடப்பவர், அமைதியான வீடு. பயந்த நாய்க்கு இவை சாதாரண வாய்ப்புகள் அல்ல. அவரிடம் வேறு இரண்டு கேள்விகள். அவள் திடீரென்று வாரை இழுத்தால் அவரால் நிலைகுலையாமல் நிற்க முடியுமா? அவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அவளை யார் எடுப்பார்கள்? "என் மகள் எடுப்பாள்" என்றால் அந்த மகளிடமே பேசுங்கள். லிஃப்டுக்குள் ஏற அவள் பயப்படுகிறாளா என்பதையும் சோதித்துவிடுங்கள். அடுக்குமாடியில் பலர் இதை முன்கூட்டி யோசிப்பதில்லை, எட்டாவது மாடியில் வைத்துத்தான் தெரியவருகிறது.

அவள் சோபாவை விட்டு வெளியே வந்து, உங்கள் வீட்டில் மல்லாந்து தூங்கத் தொடங்கிய பிறகு, இருவரையும் தனித்தனி நாட்களில் வரச் சொல்லுங்கள். வந்ததும் குனிந்து தலையைத் தடவுகிறவரா, தள்ளி உட்கார்ந்து அவள் வரும்வரை பொறுக்கிறவரா என்று பாருங்கள். அவள் விலகிப்போனபோது என்ன செய்கிறார்? துரத்திப் போய்க் கொஞ்சினால் வீட்டிலும் அப்படித்தான். ஒரே சந்திப்பில் கையோடு கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது முறை அவர்கள் வீட்டில் சந்தியுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி, வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். அதன்பின் ஒன்றிரண்டு வாரச் சோதனைத் தங்கல். கருத்தடை முடிந்த பிறகே அனுப்புங்கள். "நாங்களே செய்துகொள்கிறோம்" என்ற வாக்குறுதி பலமுறை குட்டிகளாகத் திரும்பி வந்திருக்கிறது. மீட்புக் குழுவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: எந்தக் காரணத்தால், எத்தனை ஆண்டு கழித்து வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும், அவள் குழுவிடமே திரும்ப வர வேண்டும், மூன்றாம் நபரிடம் போகக் கூடாது. இறுதி முடிவு குழுவுடையது என்பதால், உங்கள் நோட்டின் நகலை அவர்களிடமும் கொடுங்கள்.

மனம் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். வலிக்கும். வலிக்காது என்று சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது நாயோடு பழகவே இல்லை. நீங்களே வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் வரும், அது தப்பும் இல்லை. நல்ல வீடுகள் பல அப்படித்தான் அமைகின்றன. ஆனால் அந்த முடிவை ஒப்படைக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். வேறு யாரிடமும் கேட்கும் அதே கேள்விகளை உங்களிடம் கேட்டுப் பாருங்கள்: உங்கள் நாய்க்கு இவள் வந்ததில் நிம்மதியா, அல்லது அது படுக்கையறையை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டதா? இவளை வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா? பதில்கள் சரியாக இருந்தால் தயங்காமல் விண்ணப்பம் கொடுங்கள்.

கொடுத்த பிறகு முதல் சில நாட்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். உங்களைக் கண்டதும் துள்ளுவாள், நீங்கள் திரும்பும்போது கதவைப் பார்த்து நிற்பாள்; புது வீட்டார் மனம் தளர்ந்துபோவார்கள். தொலைபேசியில் பேசுங்கள். அவள் தின்று பழகிய உணவையே ஒரு வாரத்துக்காவது தொடரச் சொல்லுங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தாள், இரவெல்லாம் முனகினாள் என்று முதல் வாரத்தில் அழைப்பு வந்தால், உங்கள் வீட்டில் முதல் வாரம் நடந்ததை நோட்டிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். தோலுக்கடியில் பதிக்கும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு இருந்தால் அதன் பதிவைப் புதிய உரிமையாளர் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றிவிட்டார்களா என்று ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். பலரும் மறப்பது அதைத்தான். நாய் தொலைந்துபோனால் அழைப்பு பழைய எண்ணுக்குத்தான் வரும்.